சார்ட்டில் இல்லாத சனிக்கிழமை

பிரபு, சுகன்யா, இதை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பிரபு செல்போனை என் பக்கம் திருப்பி, "அப்பா, டிரேடிங்குக்கு இதுல ஒரு நிமிஷ சார்ட் வெக்கறதா, அஞ்சு நிமிஷமா, பதினஞ்சு நிமிஷமா?" என்று கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்றேன். இத்தனை வருடம் ஷேர் ஆபீஸில் உட்கார்ந்தவருக்கு இதைச் சொல்லவா இவ்வளவு யோசனை என்று சுகன்யா கிண்டல் செய்தாள். உங்கள் அம்மா எனக்குப் பரிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

பதில் ஒரே ஒரு எண்ணாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அது எண் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மேடத்தைச் சொல்ல வேண்டும், தங்கவேல் அண்ணனைச் சொல்ல வேண்டும், ஒரு வியாழக்கிழமையைச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லப் போனால் பாதியில் வேறெங்காவது போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சுகன்யா திருத்திக்கொள்ளட்டும்.

நான் பத்தாவதோடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். மூலனூர்ப் பக்கமிருந்து திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணி விரித்தேன். பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளவில்லை, இருமல் நிற்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஷேர் ஆபீஸில் சேர்த்துவிட்டார். முதலில் டீ வாங்கிக் கொடுத்தேன், செக்கை பேங்கில் போட்டேன், மெல்ல மெல்லக் கம்ப்யூட்டர் பழகினேன். டெர்மினலில் உட்கார்ந்து ஆர்டர் போட ஒரு பரீட்சை தேற வேண்டும். தோற்றுத் தோற்றுத் தேறினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் ஆபீஸுக்கே வந்து உட்காருவார்கள். மாடியில் ஒரு ஹால், வரிசையாக மானிட்டர்கள். அவர் சொல்வார், நான் போடுவேன். போடுவதற்கு முன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலை, வாங்குவதா விற்பதா. நான் சொல்லி முடித்து, அவர் சரி என்ற பிறகுதான் என் விரல் கீபோர்டில் இறங்கும். வாங்கு என்றோ விற்று விடு என்றோ நான் யோசனை சொல்லக் கூடாது. என் பணத்தைப் போட்டு நான் விளையாடவும் கூடாது. வெறும் கை மட்டும்தான் நான். அந்தக் கை சோறு போட்டது, நீங்கள் இருவரும் காலேஜ் போனீர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அந்த மாடிப்படியைக் கும்பிடத் தோன்றும்.

ஆபீஸை மலர்விழி மேடம் எடுத்து நடத்த வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. தாராபுரத்துக்காரர், பி.காம். படித்தவர். என்னைப் பழனிண்ணா என்பார். நான் மேடம் என்பேன். முதல் வாரத்தில் இந்தச் சின்னப் பெண் என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் ஹாலில் பேச்சு. அவர் காதிலும் விழுந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆர்டர் போட உட்கார்ந்துவிட்டவரை நடுவில் வேண்டாம் என்று தடுத்ததும் இல்லை. யாராவது நஷ்டத்தில் மாட்டிக்கொண்டு மானிட்டரையே முறைத்துக்கொண்டிருந்தால், ஹாலில் எல்லோருக்கும் டீ வரும், அவருக்கு மட்டும் மோர் வரும். சின்ன டம்ளரில், கொத்தமல்லி கிள்ளிப் போட்டு. மேடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். மோரைக் குடித்து முடிக்கிற வரைக்குமாவது அந்த ஆள் ஆர்டர் போடாமல் இருப்பார் அல்லவா, அதுதான் கணக்கு. நாளாவட்டத்தில் மோர் என்றாலே ஹாலில் எல்லோருக்கும் பயம். "ஏனுங்க, உங்களுக்கு இன்னைக்கு மோருங்களா?" என்று கேட்டு ஒருவரை ஒருவர் ஓட்டுவார்கள்.

இப்போது பிரபு கேட்டதற்கு வருகிறேன்.

சார்ட்டில் நிற்கிற ஒவ்வொரு கட்டையும் ஒரு கேண்டில். ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் விலை எங்கே ஆரம்பித்து, எது வரை ஏறி, எது வரை இறங்கி, எங்கே வந்து முடிந்தது என்பதை அந்த ஒற்றைக் கட்டை காட்டிவிடும். ஐந்து நிமிட சார்ட் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டை. ஒரு மணி நேர சார்ட் என்றால் மணிக்கு ஒன்று. அதே பங்கு, அதே விலை. ஆனால் ஐந்து நிமிடத்தில் பார்த்தால் விலை மேலும் கீழும் கிடந்து துடிக்கும். ஒரு மணி நேரத்தில் பார்த்தால் நிதானமாக நடப்பது போல இருக்கும். நாள் சார்ட்டில் அன்றைய துடிப்பு மொத்தமும் ஒரே கட்டைக்குள் அடங்கிவிடும். சின்ன நேரத்தில் பார்க்கிறவனுக்கு வாங்கவும் விற்கவும் கை அரித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை அரிப்பைத் தீர்த்துக்கொள்ளும்போதும் கமிஷனும் வரியும் போகும். பெரிய நேரத்தில் பார்க்கிறவனுக்கு அரிப்பு குறைவு. ஆனால் அவன் கணிப்பு தப்பினால் அடி பெரிதாக விழும். இதில் எது உயர்ந்தது என்று கேட்டால் எதுவும் இல்லை. பார்க்கிற ஆளைப் பொறுத்தது.

புதிதாக ஒருவர் டே டிரேடிங், அதாவது வாங்கியதை அன்றைக்கே விற்கிற வியாபாரம், செய்ய வேண்டும் என்று வந்தால் மேடம் அன்றைக்கு ஆர்டர் எடுக்க விட மாட்டார். பக்கத்தில் உட்கார வைத்து, இன்றைக்கு வெறும் பார்வைதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். செல்போனை மேஜை மேல் வைக்கச் சொல்வார். என் வேலை அந்தப் போனைக் கவனிப்பது. அது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை அடிக்கிறது, அடித்தால் அவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் கம்பெனி நடத்துகிறவருக்குப் போன் சும்மா இருக்காது. துணி வரவில்லை, கரெண்ட் போய்விட்டது, கழுத்துப் பட்டைக்கு வந்த ரிப் துணியின் கலர் சேரவில்லை, டெம்போக்காரன் கேட்டில் நின்று சத்தம் போடுகிறான், ஏதாவது ஒன்று. மேடத்தின் கணக்கு இதுதான்: போன் ஒரு மனிதனை எவ்வளவு நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறதோ, அதைவிடச் சின்ன சார்ட் அவருக்கு ஆகாது. கட்டை முடிகிற நேரத்தில் அவர் போனில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்.

அப்படித்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் அமைந்தது. ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவருக்கு ஐந்து நிமிடம், அவருக்குப் போனே வராது. சாயப்பட்டறை மாஸ்டர் ராமசாமிக்கு ஒரு மணி நேரம், அவர் போன் ஓயவே ஓயாது. மூலனூரில் முருங்கைக்காய் ஏலம் எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அவருக்கு மட்டும் டே டிரேடிங்கே வேண்டாம் என்கிற மாதிரி நாள் சார்ட்டைக் காட்டி, சாயங்காலம் வீட்டிலிருந்து போன் செய்தால் போதும் என்று அனுப்பிவைத்தார்.

இன்னும் இரண்டு பழக்கங்கள் உண்டு. சந்தை ஒன்பதே காலுக்குத் திறந்ததும் யாரும் பாயக் கூடாது. முதல் பதினைந்து நிமிடக் கட்டை முடிய வேண்டும். ராமசாமி மாஸ்டர் அதற்கு "மொத ஈடு வேகட்டும்" என்று பேர் வைத்தார், இட்லி கணக்காக. இன்னொன்று, பெரிய சார்ட்டில் போக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, தனக்கு உரிய சார்ட்டில்தான் வாங்க வேண்டும். வாங்கும்போதே, எந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடுவேன் என்று வாயால் சொல்லிவிட வேண்டும். எந்த சார்ட்டைப் பார்த்து வாங்கினாரோ அதே சார்ட்டைப் பார்த்துத்தான் விற்க வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது.

இந்தக் கடைசிப் பழக்கத்தை எவ்வளவு விளக்கினாலும் ஆட்களுக்கு ஏறவில்லை. ஏற வைத்தவர் தங்கவேல் அண்ணன்.

அவர் ஒரு சந்துக்குள் மாடியில் சின்னத் தையல் யூனிட் வைத்திருந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். அவருடைய நேரம் பதினைந்து நிமிடம். ஒரு நாள் மேடம் விளக்கிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்தார்.

"மேடம், நீங்க என்னத்துக்குங்க இத்தனை சிரமப்படறீங்க? லாட் மாத்தக் கூடாதுன்னு சொல்லுங்க. திருப்பூர்ல பொறந்த குருவிக்குக்கூட வெளங்கிரும்."

ஒரே சாயத்தில் நனைந்த துணி ஒரு லாட். உடம்புத் துணி ஒரு லாட்டிலும் கழுத்துப் பட்டை வேறு லாட்டிலும் எடுத்துத் தைத்தால், டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் பல்லை இளிக்கும். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் அதுதான் பேச்சு. யாராவது நடுவில் சார்ட்டை மாற்றச் சொன்னால் நாங்கள் "லாட் மாறுதுங்க" என்போம். சிரித்துவிட்டுப் பழைய சார்ட்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

இப்போது அந்த வியாழக்கிழமை.

நம் ஊரில் சனிக்கிழமை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரக் கூலி கவரில் போட்டுக் கைக்கு வருகிற நாள். பெரிய கம்பெனிக்கு ஒரு வாரம் தள்ளிப் போனாலும் ஆட்கள் பொறுப்பார்கள். சின்ன யூனிட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. சனிக்கிழமை கவர் வரவில்லை என்றால் திங்கட்கிழமை டெய்லர்கள் அடுத்த சந்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாடகையும் மளிகையும் கவரை நம்பித்தான் ஓடுகிறது.

தங்கவேல் அண்ணனுக்குத் தைத்துக் கொடுத்த வேலைக்கு அந்த வாரம் பாதிதான் வந்திருந்தது. மீதி அடுத்த மாதம் என்று எக்ஸ்போர்ட் கம்பெனி கை விரித்துவிட்டது. கூலிக்கு வைத்திருந்ததைத் தன் டிரேடிங் கணக்கில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குறைகிறதை வியாழக்கிழமையே எடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமை பேங்குக்கு வந்துவிடும், சனிக்கிழமை கவர் போட்டுவிடலாம் என்பது அவர் திட்டம். இதை அவராகச் சொல்லவில்லை. அவருக்கு வந்த ஒரு போனிலிருந்து எனக்குத் தெரிந்தது.

போன் செய்தது ஞானராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தன் ஊர் ஆட்களையெல்லாம் சேர்த்து லைன் எனப்படும் ஒரு மெஷின் வரிசை முழுவதும் தங்கவேல் அண்ணனுக்குத் தைத்துக் கொடுக்கிற காண்ட்ராக்டர். அண்ணன் கையில் டீ டம்ளர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, சனிக்கிழம கவர் வந்துரும்லா? பயலுவ கேக்கானுவ. பக்கத்துக் கம்பெனிக்காரன் நேத்தே வந்து பேசிட்டுப் போயிருக்கான். நான் ஒண்ணும் சொல்லல. ஒங்களத்தான் நம்பி நிக்கேன்."

"வந்துரும் ஞானம். எப்பவாவது தவறியிருக்குதா? போய் வேலையப் பாரு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

முதல் கட்டை முடிந்ததும் ஒரு பேங்க் பங்கை வாங்கச் சொன்னார். பதினைந்து நிமிட சார்ட்டில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விற்கிற விலையையும் வாயால் சொன்னார். ஆனால் அதைச் சிஸ்டத்தில் போட வேண்டாம், தானே பக்கத்தில் இருக்கிறோமே என்றார். திருப்பிச் சொன்னேன், சரி என்றார், போட்டேன்.

பதினொரு மணி வரைக்கும் மெல்ல ஏறியது. அண்ணன் என்னிடம் உங்கள் படிப்பைப் பற்றியெல்லாம் விசாரித்தார். அப்புறம் ஏதோ செய்தி வந்து சந்தை மொத்தமும் சரிந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் சொன்ன விலை வந்துவிட்டது.

"அண்ணா, நீங்க சொன்ன வெலை வந்துருச்சுங்க."

"தெரியுது. ஒரு மணி நேரம் போட்டுக் காட்டு பாக்கலாம்."

"லாட் மாறுதுங்கண்ணா."

"நான் சொல்லிக் குடுத்ததையே எனக்குச் சொல்றயா? போடு பழனி."

போட்டேன். ஒரு மணி நேரத்தில் பார்த்தால் சரிவு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. விலை இன்னும் இறங்கியது. நாள் சார்ட்டைப் போடச் சொன்னார். அதில் பார்த்தால் அன்றைய சரிவு, நீளமான வரிசையின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கட்டை. போன மாதத்து ஏற்றத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. "பாரு, இதுல என்ன இருக்குது? சும்மா நம்மள மெரட்டுது" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தப்பை உலகத்தில் எல்லா ஊரிலும் செய்வார்கள். ஆனால் நம் ஊர்க்காரர் செய்கிற விதம் வேறு. எக்ஸ்போர்ட் ஜோலியில் இருக்கிறவருக்கு எடுத்த ஆர்டரைக் கைவிடத் தெரியாது. துணி தாமதமாக வந்தால், வாங்குகிற வெளிநாட்டுக்காரனிடம் கெஞ்சி எக்ஸ்டென்ஷன் கேட்பார், கெடுவைத் தள்ளி வாங்குவார். அதுவும் தாண்டினால் இன்னொரு எக்ஸ்டென்ஷன். கப்பல் போய்விட்டால் கைக்காசைப் போட்டு விமானத்தில் ஏற்றுவார். எப்படியாவது முடித்துக் கொடுப்பார். திருப்பூர் வளர்ந்ததே இந்தப் பிடிவாதத்தில்தான். தங்கவேல் அண்ணனும் அவர் வீட்டுக்காரம்மாவும் விடிய விடியத் தாங்களே மெஷினில் உட்கார்ந்து ஒரு ஆர்டரை முடித்ததை நான் நேரில் அறிவேன். அந்தக் குணத்துக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. அதே குணம்தான் அன்றைக்கு அவரை அந்த நாற்காலியில் பிடித்து வைத்திருந்தது. பதினைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஒரு எக்ஸ்டென்ஷன். ஒரு மணி நேரத்திலிருந்து நாள் இன்னொரு எக்ஸ்டென்ஷன். யாரிடம் கேட்கிறோம், கொடுக்கிறவன் யார் என்ற யோசனை வரவில்லை.

டே டிரேடிங்கில் வாங்கியதை மூன்றேகால் மணி வாக்கில் சிஸ்டமே விற்றுவிடும். அதற்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். மூன்று மணி நெருங்கும்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"பழனி, இத டெலிவரிக்கு மாத்திரு. நாள் சார்ட்டுல நல்லாத்தான இருக்குது. ரெண்டு மூணு நாள் வெச்சிருந்து குடுத்துக்கலாம்."

மாற்றினால், அதாவது பங்கைச் சொந்தமாக எடுத்து வைத்துக்கொண்டால், அதன் முழு விலையும் அவர் கணக்கிலிருந்து போய்விடும். கூலிக்கு வைத்திருந்தது மொத்தமும் அதில் அடங்கிவிடும். மறுநாள் மனசு மாறி விற்றாலும் பணம் திங்கட்கிழமைதான் திரும்பும். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், அவர் புதிய ஆள் இல்லை. யோசனை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. திருப்பிச் சொல்வதற்கு மட்டும்தான் இருந்தது. அதைச் செய்தேன். பங்கின் பேரைச் சொன்னேன். எத்தனை என்று சொன்னேன். டெலிவரிக்கு மாறுகிறது, முழு விலையும் பிடித்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"சரிங்களாண்ணா?"

அவர் வாய் திறக்கும்போது மேஜையில் மோர் வந்து உட்கார்ந்தது. மேடம் கேபினிலிருந்து வந்து எங்களுக்குப் பின்னால் ஜன்னல் திரையைச் சரி செய்துகொண்டு நின்றார். பக்கத்து நாற்காலி ராமசாமி மாஸ்டர் எப்போதும் மோரைப் பார்த்தால் ஏதாவது சொல்வார். அன்றைக்கு அவரும் தன் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கவேல் அண்ணன் மோரைத் தொடவில்லை. "இரு" என்றார். நாள் சார்ட்டின் ஓரத்தில் இருந்த அந்தச் சிவப்புக் கட்டை மேல் விரலை வைத்தார்.

"இது இன்னைக்கு. நாளைக்கு இங்க பச்சையா ஒண்ணு வரும்." விரல் கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தது. "வெள்ளிக்கிழமை. அதுக்கு அக்கட்ட சனிக்கிழமை..."

"சனிக்கிழமை வராதுங்கண்ணா" என்றேன். "வெள்ளிக்குப் பக்கத்துல திங்கள்தானுங்க. சந்தை இல்லாத நாளுக்குச் சார்ட்டுல எடமே இருக்காது."

இதை நான் புத்திமதியாகச் சொல்லவில்லை. அவர் எண்ணியது தப்பாக இருந்தது, திருத்தினேன். வேறு யார் எண்ணியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவர் விரல் கண்ணாடி மேலேயே நின்றது. பழைய கட்டைகளைப் பின்னால் தள்ளிக் காட்டச் சொன்னார். தள்ளினேன். போன வாரம், அதற்கு முந்தைய வாரம். எங்கே பார்த்தாலும் வெள்ளிக்கு ஒட்டித் திங்கள் நின்றது. நடுவில் ஒரு மயிரிழை இடம் கிடையாது. இத்தனை வருடமாக அந்த சார்ட்டைத் தினமும் பார்க்கிறவர். நானும்தான் பார்க்கிறேன். சனிக்கிழமை இல்லாத ஒரு காலத்தில் எங்கள் ஊர் ஆட்கள் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

மோரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"வித்துரு பழனி."

திருப்பிச் சொன்னேன். பங்கு, எண்ணிக்கை, சந்தை விலை, விற்பது. "சரிங்களாண்ணா?"

"செரி."

விற்றேன். நஷ்டம்தான். கூலியில் ஒரு பகுதி போய்விட்டது. ஆனால் மீதி கையில் வந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அதை அவர் பேங்குக்கு அனுப்ப மேடமே உட்கார்ந்து போட்டார். வெள்ளிக்கிழமை தங்கவேல் அண்ணன் மொட்டை மாடியில் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்த தையலில் விழுந்த துணி வேஸ்ட்டை, கிலோவுக்கு நல்ல ரேட் வரட்டும் என்று மாதக் கணக்கில் காத்து வைத்திருந்ததை, வந்த ரேட்டுக்குத் தள்ளிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குறைந்ததை அப்படித்தான் நிரவியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரபு அதைத்தான் முதலில் கேட்பான். அந்தப் பங்கு திங்கட்கிழமை ஏறியது. நன்றாகவே ஏறியது. அவர் வைத்திருந்தால் நஷ்டம் போக லாபமும் வந்திருக்கும். அடுத்த வாரம் அவர் ஆபீஸுக்கு வந்தபோது ராமசாமி மாஸ்டர் அதைச் சொல்லிக் குத்தினார். தங்கவேல் அண்ணன் சட்டை செய்யவில்லை.

"ஏறட்டும் மாஸ்டர். அது ஏறும்போது என்ற லைன்ல ஆள் இருந்தாங்க. எனக்கு அது போதும்."

என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதன் பிறகு அவர் டிரேடிங்கை விட்டுவிடவும் இல்லை. பதினைந்து நிமிடத்தை விட்டு ஒரு மணி நேரத்துக்கு மாறினார். அவராகவே கேட்டு மாறிக்கொண்டார். மேடம் புதிதாக வருகிறவர்களிடம் போனை மேஜையில் வைக்கச் சொல்வதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொண்டார். "இது எந்தக் கிழமைக்கு வேணுங்கிற பணமுங்க?" ஒரு கிழமையின் பேரைச் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பணத்துக்கு எந்த சார்ட்டும் கிடையாது. டீ கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுவார். எந்தக் கிழமையும் இல்லை என்று சொல்கிறவருக்குத்தான் அடுத்த பேச்சு.

இப்போது ஹாலில் மானிட்டர்கள் இல்லை. எல்லோரும் போனிலேயே பார்த்துக்கொள்வதால் மேடம் மாடியைக் காலி செய்துவிட்டு, கீழே ஒரு சின்ன அறையில் வேறு வேலை பார்க்கிறார். வேலையிலிருந்து என்னை வழியனுப்பும்போது சால்வை போர்த்தினார். "உங்க கை இல்லீன்னா இந்த ஆபீஸ் இல்லீங்கண்ணா" என்றார். பத்தாவது படித்த ஒருவனை நம்பி இத்தனை பேருடைய கூலியையும் நிலத்தையும் நகையையும் அவன் விரல் நுனியில் விட்டவர் அவர். தினமும் திருப்பிச் சொல்ல வைத்தே என்னைக் காப்பாற்றியவரும் அவர்தான்.

பிரபு, உனக்கான பதில் இவ்வளவுதான். நீ மெர்ச்சண்டைசர், வாங்குகிற வெளிநாட்டுக்காரனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிறவன். உன் போன் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் ஆர்டர் போடாமல் அதை மேஜையில் வைத்துப் பார். அதற்கு முன்னால் மேடத்தின் கேள்வியைக் கேட்டுக்கொள். அப்புறமும் வேண்டும் என்றால் வா, நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்த வாரச் சனிக்கிழமையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. அன்றைக்குச் சந்தை லீவு, எனக்கு வேலை இல்லை. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு தங்கவேல் அண்ணன் சந்துக்குப் போனேன். எதிரே இருந்த பேக்கரியில் ஒரு டீ சொல்லிவிட்டு, அவர் மாடிப்படி தெரிகிற மாதிரி ஓரமாக நின்றுகொண்டேன். மேலே மெஷின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் வரவில்லை. டீ ஆறிப் போனது.

முதலில் ஞானராஜ் இறங்கினார். கீழ்ப்படியில் நின்றுகொண்டு பின்னால் வருகிறவர்களைச் சீக்கிரம் வரச் சொல்லிச் சத்தம் போட்டார். ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற பையன்கள் வந்தார்கள். பிசிர் வெட்டுகிற பெண்கள் வந்தார்கள். ஒரு பெண் படியிலேயே கவரைப் பிரித்து எட்டிப் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே பேக்கரிக்கு வந்து தேங்காய் பன் கேட்டாள். எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். பன் புதிதா என்று கேட்டுக் கடைக்காரரிடம் சண்டை போட்டாள்.

எல்லோரும் போன பிறகு சந்து அமைதியாகிவிட்டது. மாடியில் லைட் எரிந்தது. தங்கவேல் அண்ணன் நடமாடுகிற நிழல் ஜன்னலில் தெரிந்தது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி, கிக்கரில் காலை வைத்தேன். மெஷின்கள் நின்றுவிட்ட அந்த அமைதியில் என் வண்டிச் சத்தம் மேலே கேட்கும். அவருக்கு என் வண்டியின் சத்தம் தெரியும். எட்டிப் பார்ப்பார்.

காலை எடுத்துவிட்டு இறங்கினேன். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.